மீசை முளைக்கும் வயதில் முடி மெலிவது ஏன்?

பதினேழு வயதுப் பையன் காலையில் எழுந்ததும் தலையணையில் ஒட்டிய முடிகளை எண்ணுகிறான். குளித்தபின் தண்ணீர் போகும் வலையில் சிக்கியதையும் சேர்த்துக்கொள்கிறான். எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினால் அன்று வகுப்பில் மனம் ஒட்டாது. வீட்டில் சொன்னால், "படிக்கிற வயசுல கண்ணாடி முன்னாடி என்ன வேலை?" என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்வதில்லை.

அந்தப் பையன்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் முடி வளர்க்கும், இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கும், பிறகு ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுத்து அந்த முடியை விட்டுவிடும். அதே குழியில் அடுத்தது முளைக்கும். கையோடு வரும் முடியில் கவலைப்பட ஒன்றுமில்லை. அடுத்து வருவது முன்னதைவிட மெல்லியதாக வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பரம்பரை வழுக்கை இப்படி மெலிந்துதான் வருகிறது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகுகிறது. மயிர்க்காலில் உள்ள ஃபைவ் ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி அதில் ஒரு பகுதியை டிஎச்டி எனும் வீரியம் கூடிய ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாகக் கூருணர்வு கொண்ட மயிர்க்கால்களில் டிஎச்டி போய் ஒட்டியதும் வளரும் காலம் சுற்றுக்குச் சுற்று குறைகிறது, குழியும் சிறுக்கிறது. கட்டையான கறுப்பு முடி இருந்த இடத்தில் சில ஆண்டுகளில் பூனைமுடி நிற்கும்.

இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது ஒன்று உண்டு. முகத்துப் பூனைமுடியைத் தாடியாக்குவதும் இதே ஹார்மோன்தான். ஒரே உடம்பில், ஒரே வயதில், கன்னத்தில் தடிக்க வைப்பது நெற்றியில் மெலிய வைக்கிறது. பிடரியில் ஒன்றுமே செய்வதில்லை. இந்த வித்தியாசம் மயிர்க்காலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. 1950களில் நியூயார்க்கில் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் பிடரித் தோலை வழுக்கையில் நட்டுப் பார்த்தார். அந்த முடி புது இடத்திலும் பிடரி முடியாகவே தொடர்ந்து வளர்ந்தது.

ஹார்மோனின் பங்கை நிறுவியவர் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை என்று 1942-இல் எழுதினார். அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி மெலியத் தொடங்கியது. நிறுத்தியதும் மெலிவது நின்றது, போனது திரும்பவில்லை. ஹார்மோன் வேண்டும், அதற்கு இசையும் மரபும் வேண்டும். வழுக்கை விழுபவர்களின் ரத்தத்தில் பொதுவாக டெஸ்டோஸ்டிரோன் சராசரி அளவில்தான் இருக்கும்.

"தாய்மாமன் தலையைப் பார்" என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது, அதை மகனுக்குத் தருபவள் தாய். ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன, அவற்றில் அப்பா வழியும் உண்டு.

டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரில் டிஎச்டியை உருவாக்கும் அந்த நொதி குறைபாட்டுடன் பிறந்தவர்களைப் பற்றி 1974-இல் அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ மெக்கின்லி குழுவினர் எழுதினார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்கள் வளர்ந்தும் வழுக்கையாவதில்லை. நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரைக்கு வழி இங்கிருந்துதான் பிறந்தது. வழுக்கைக்காக 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 18 வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டும். நண்பன் சொன்னான் என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்கும் பள்ளிப் பையன்களை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜிம்மில் கிடைக்கும், ஆண் ஹார்மோன்போல வேலை செய்யும் அனபாலிக் ஸ்டீராய்டு ஊசி இன்னும் மோசம். மரபு உள்ளவனுக்கு அது வழுக்கையை முன்கூட்டியே இழுத்து வந்துவிடும்.

நெற்றிக்கோடு இந்த வயதில் ஒரு விரல் அகலம் மேலேறுவது பெரும்பாலும் முகம் முதிர்வதன் அடையாளம். பொட்டுப் பொட்டாக வழவழப்பாக முடி போனால் அது புழுவெட்டு. எந்தப் புழுவும் வெட்டுவதில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கொத்துக் கொத்தாகக் கொட்டுவது வேறு கதை. டெங்கு, டைஃபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தல் என்று உடம்பு ஓர் அதிர்ச்சியைத் தாங்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகின்றன. அவை முடியை விடுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. காய்ச்சலை அதற்குள் மறந்திருப்போம், பழி அப்போது மாற்றிய ஷாம்பு மீதோ ஹாஸ்டல் போர் தண்ணீர் மீதோ விழும். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், வேரைச் சிறுக்க வைக்காது. இரும்புச்சத்துக் குறைவும் கொட்ட வைக்கும், அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

எண்ணுவதற்குப் பதில் ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சியிலிருந்து ஒரு முடி, பிடரியிலிருந்து ஒரு முடி, இரண்டையும் வெள்ளைத் தாளில் வையுங்கள். உச்சி முடி மட்டும் தெளிவாக மெலிந்திருந்தால் பரம்பரை வேலையைத் தொடங்கியிருக்கலாம், மருத்துவர் உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்வார். காய்ச்சலுக்குப் பின் கொட்டியது என்றால், சில மாதங்களில் நெற்றி ஓரத்தில் குட்டை முடிகள் குத்திட்டு நிற்கும். அவற்றின் நுனியைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் உடைந்த முடி, ஊசிபோல் கூராக இருந்தால் புதிதாக முளைத்தது.