பிரிட்டன் மாணவர் விசா: 28 நாள் அசையாமல் கிடக்க வேண்டிய பணம்

பிரிட்டனில் படிக்க இடம் கிடைத்து, முன்பணம் கட்டி, பல்கலைக்கழகம் 'காஸ்' எண்ணையும் அனுப்பிவிட்டதா? பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி அப்பாவின் பாஸ்புக்கில் இருக்கிறது.

காஸ் என்பது, இந்த மாணவரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறையிடம் இணையத்தில் செய்யும் பதிவு. அது ஓர் எண்தான். அது கைக்கு வந்த 6 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

காட்ட வேண்டிய பணத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, முதல் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத பாக்கி. இன்னொன்று வாழ்க்கைச் செலவு. 2025 நவம்பர் 11 முதல் இது லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு. எத்தனை மாதப் படிப்பானாலும் 9 மாதத்துக்கு மேல் கேட்பதில்லை. லீட்ஸில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணம் 20,000 பவுண்டு என்று வையுங்கள். 6,000 கட்டியாயிற்று என்றால் பாக்கி 14,000. அதோடு 9 மாதச் செலவு 10,539 சேர்த்தால் 24,539 பவுண்டு. கட்டிய 6,000 காஸில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் பல்கலைக்கழகத்திடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. சராசரியாக இருந்தால் போதாது; எந்த ஒரு நாளிலும் இருப்பு அதற்குக் கீழே இறங்கக் கூடாது. ஜூலை 1 அன்று பணம் போட்டு, ஜூலை 29 அன்று ஸ்டேட்மென்ட் வாங்குகிறீர்கள். நடுவில் 17-ஆம் தேதி, வீட்டில் ஒரு விசேஷம் என்று அப்பா ஐம்பதாயிரம் எடுத்து, மறுநாளே திரும்பப் போட்டுவிட்டார். அந்த ஒரு நாள் தொகை குறைந்ததால், எண்ணிக்கை 18-ஆம் தேதி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகஸ்ட் பாதிவரை காத்திருக்க வேண்டியதுதான். பணமே எடுக்காவிட்டால், ஜூலை 29-இல் முடியும் ஸ்டேட்மென்டை வைத்து ஆகஸ்ட் 29-க்குள் விண்ணப்பிக்கலாம். ஸ்டேட்மென்டின் கடைசித் தேதிக்கும் விசாக் கட்டணம் கட்டும் நாளுக்கும் இடையே 31 நாளுக்கு மேல் போகக் கூடாது.

இன்னொரு விஷயம், ரூபாயை பவுண்டாக மாற்றிப் பார்ப்பது விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதத்தில். பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு வைத்தால் அன்று ரூபாய் கொஞ்சம் சரிந்தாலும் வம்பு. ஒன்றிரண்டு லட்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

யார் கணக்கு? பெரும்பாலும் மாணவர் அல்லது பெற்றோர். தாய்மாமா எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவர் கணக்கு செல்லாது. அவர் கொடுப்பதை உங்கள் கணக்கில் போட்டு, அன்றிலிருந்து 28 நாள் எண்ணுங்கள். பங்குகளும் ஏற்கப்படா. நகையை வைத்துப் புரட்டிய பணமும் கணக்குக்கு வந்து 28 நாள் கிடந்தால்தான் பணம். வங்கிக் கல்விக் கடனுக்கு மட்டும் இந்த 28 நாள் விதி இல்லை: மாணவர் பெயரில் 6 மாதத்துக்குள் தேதியிட்ட கடன் கடிதம் போதும். அவசரத்தில் இருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி என்பேன்.

பெற்றோர் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும், 'இந்தப் பணத்தை என் பிள்ளை பயன்படுத்தச் சம்மதம்' என்ற கடிதமும் வேண்டும். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் காலை வாரும். பாஸ்புக்கில் 'ஆர். செல்வராஜ்', பிறப்புச் சான்றிதழில் 'செல்வராஜ் ராமசாமி' என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? வங்கியில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லி முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

மற்றவை சுலபம். 6 மாதத்துக்கு மேல் தங்குவதால் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பக்கத்துத் தெரு ஸ்கேன் சென்டர் அறிக்கை உதவாது. விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுண்டு ஆனது. அவ்வப்போது ஏறும் என்பதால் கட்டும் நாளில் பாருங்கள். அங்கே அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்த மருத்துவக் கட்டணம் தனி: ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்பானாலும் விசா அதற்குப் பிறகு சில மாதம் நீள்வதால் ஒன்றரை ஆண்டுக்கு 1,164 வாங்குவார்கள். அப்புறம் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க விசா மையத்துக்கு நேரில் போக வேண்டும், சென்னையிலேயே இருக்கிறது. அதன் பிறகு முடிவு வர வழக்கமாக 3 வாரம்.

விசா மறுக்கப்பட்டால் மருத்துவக் கட்டணம் திரும்பி வரும். விசாக் கட்டணம் வராது.