கறுப்புக் கல் வாங்கும் முன் ஒரு வெள்ளைத் துணி

சமையலறை மேடைக்குக் கறுப்புக் கல்தான் வேண்டும் என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: விலை பேசுவதற்கு முன், அதே பலகையில் வெட்டிய சின்னத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கோலாலம்பூரில் கல் வெட்டிப் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். "கல் வெளுத்துப் போச்சு" என்ற புகார் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது.

செந்தூலில் ஓர் அக்கா வீட்டு மேடை, வேறு யாரோ போட்டது. சிங்க்கைச் சுற்றி, மீன் கழுவி எலுமிச்சை பிழிகிற இடம் முழுக்கத் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம். அடுப்புப் பக்கம் மட்டும் புதுக் கறுப்பாகவே இருந்தது. வெள்ளைத் துணியை அசிட்டோனில் (நகப்பூச்சை அழிக்கும் திரவம்) நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேய்த்தேன். துணி கறுத்துவிட்டது. "அப்போ இது கல்லே இல்லையா தம்பி?" என்று கேட்டார். கல்தான். சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றி, கறுப்பு விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

நல்ல கறுப்புக் கல்லுக்கு நிறம் உள்ளிருந்தே வருவது. கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பது பெரும்பாலும் கேப்ரோ அல்லது டோலரைட் என்ற வேறு வகைப் பாறை. கிரானைட்டில் சிலிக்கா 70 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். இவற்றில் 50 விழுக்காட்டை ஒட்டித்தான். அதற்குப் பதில் இரும்பும் மக்னீசியமும் அதிகம். அவை சேர்ந்த பைராக்சீன் என்ற கனிமம்தான் இந்தக் கருமைக்கு முக்கியக் காரணம். இதே பாறைக்குழம்பு எரிமலை வழியே வெளியே வழிந்து சட்டென்று ஆறினால் பசால்ட். படிகங்கள் கண்ணுக்கே தெரியாது. பூமிக்கு ஆழத்தில் மெல்ல ஆறினால் கேப்ரோ. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படிகங்கள் மினுங்கும். பாறைப் பிளவுகளில் புகுந்து ஆறியது டோலரைட். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கறுப்புக் கல் இந்த வகைதான். பசால்ட்டை நம் நாட்டிலேயே குவாந்தானில் பார்க்கலாம். அது மக்கிச் சிவந்த மண்ணில்தான் பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவைத் தோண்டினார்கள். தூசித் தொல்லை பொறுக்க முடியாமல் 2016 ஜனவரியில் அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது. அந்தச் சிவப்பும் கல்லில் இருந்த இரும்பு துருப்பிடித்த நிறம்தான்.

இரும்பு இருப்பதால் கனமும் கூடுதல். 20 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் பலகை ஏறக்குறைய 60 கிலோ வரும். பழைய கேபினட் மேல் அப்படியே தூக்கி வைக்கச் சம்மதிக்காதீர்கள். சிங்க்குக்கு வெட்டிய இடத்தின் முன்பக்கக் குறுகிய பட்டையில்தான் முதலில் விரிசல் விழும், அங்கே அடியில் தாங்கல் வேண்டும்.

வாங்கி வந்த துண்டில் அசிட்டோன் சோதனையை மெருகிட்ட முகம், வெட்டிய ஓரம் இரண்டிலும் செய்யுங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு மங்கிய தடம் தெரிந்தால் அது கறுப்பு மார்பிள். புளியும் மலாய்ச் சமையலின் 'அசாம்' புளிப்பும் புழங்கும் நம் சமையலறைக்கு ஒத்துவராது. இரண்டிலும் தேறிய கல்லுக்கு 'சீலர்' (கறை உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடிக்கக் கூடுதல் வெள்ளி கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இந்தக் கல் தண்ணீரையே அதிகம் உறிஞ்சாது. சீலர் மேலேயே நின்று புகை படிந்தது போல் தெரியும்.

கடைசியாக, வெட்டுகிறவர்களைப் பற்றி. கேப்ரோவில் குவார்ட்ஸ், அதாவது தனிப் படிகமாக நிற்கும் சிலிக்கா, மிகக் குறைவு. ஆனால் அதே மெஷினில் அதே தம்பிமார்கள் கிரானைட்டும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையும் வெட்டுகிறார்கள். செயற்கைப் பலகையில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. ஆகவே சிங்க் துளை, குழாய்த் துளை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அளவு கொடுத்து, பட்டறையிலேயே தண்ணீர் விட்டு வெட்டி வரச் சொல்லுங்கள். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் உலர்வாக கிரைண்டர் போட ஆரம்பித்தால், வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.