"ஹேட்" (had) போட்டால் கேட்பவர் காத்திருப்பார்

2023 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்த சில நாள் கழித்து, என் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கும் கடைக்காரர் ஒருவர் இன்சூரன்ஸுக்குக் கொடுத்த கடிதத்தின் நகலோடு வந்தார். வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருப்பவர். தரையில் நின்ற ஃப்ரிட்ஜ்களில் தண்ணீர் ஏறிவிட்டது. கடிதத்தில் இருந்த வரி இது: "வென் வாட்டர் என்டர்ட் த ஷாப், வி ஹேட் ஷிஃப்டட் த ஃப்ரிட்ஜஸ் அப்ஸ்டேர்ஸ்."

தண்ணீர் உள்ளே வந்த பிறகு அவசர அவசரமாக மாடிக்குத் தூக்கினோம் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. எழுதியிருப்பதோ, தண்ணீர் வரும் முன்பே தூக்கிவிட்டோம் என்று. பார்வையிட வந்த சர்வேயர் கேட்டாராம்: "முன்னாடியே மாடிக்கு ஏத்திட்டீங்கன்னா அது எப்படி சார் நனைஞ்சுது?" நியாயமான கேள்விதான். "வி ஷிஃப்டட்" என்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். "ஹேட்" எதற்கு சார் போட்டீர்கள் என்று கேட்டேன். "பழைய விஷயம்தானே, கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு போட்டேன்" என்றார்.

இவர் ஒருவர் மட்டுமில்லை. பயோடேட்டாவில் "ஐ ஹேட் கம்ப்ளீட்டட் பி.காம். இன் 2019" என்று எழுதாதவரை நான் பார்ப்பதே அபூர்வம். முடிந்து நாளாகிவிட்டால் "ஹேட்" போட வேண்டும் என்று எப்படியோ மனதில் பதிந்திருக்கிறது. எவ்வளவு பழையது என்பதற்கும் "ஹேட்"டுக்கும் சம்பந்தமே இல்லை. பாரதியார் மறைந்து நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் "பாரதியார் டைட் இன் 1921" என்பதே சரி. அதே செய்தியை 1947-இல் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்துச் சொன்னால்தான் "ஹேட்" வரும்: "வென் இந்தியா பிகேம் இண்டிபெண்டன்ட், பாரதியார் ஹேட் ஆல்ரெடி டைட்." கடந்துபோன ஒன்றுக்கும் முன்னால் கடந்துபோன இன்னொன்று. எதற்கு முன்னால் என்பது பேச்சில் இல்லாதபோது "ஹேட்" அந்தரத்தில் தொங்கும்.

இதில் பாதிப் பழி நம் தமிழுக்கு. "நேத்து மதுரைக்குப் போயிருந்தேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். தமிழில் அது ஒரு குறையும் இல்லாத வாக்கியம். அந்த "இருந்தேன்"-ஐ அப்படியே தூக்கி "ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே" என்றால், ஆங்கிலக்காரர் காது மீதியைக் கேட்கக் காத்திருக்கும். சரி, போயிருந்தாய், அதற்குள் இங்கே என்ன நடந்தது? நாமோ பேச்சை முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். "ஐ வென்ட் டு மதுரை எஸ்டர்டே" போதும். ஆபீஸ் மெயில்களில் வரும் "ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில் எஸ்டர்டே" என்பதும் இதே ரகம். "நேத்தே அனுப்பியிருந்தேனே, பார்க்கலையா?" என்ற நம் செல்லக் கோபம் அதில் ஒளிந்திருக்கிறது. நம்மூர் மேனேஜருக்குப் புரியும். லண்டனில் இருப்பவருக்கு அந்தக் குரல் கேட்காது.

மீதிப் பாதி பள்ளிக்கூடத்தின் பங்கு. நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியில் வி டூ ("வென்ட்" மாதிரி வடிவம்) வந்தால் ஹேட் பிளஸ் வி த்ரீ ("கான்" மாதிரி வடிவம்) என்று கணக்கு மாதிரி மனப்பாடம் செய்தோம். மார்க் வந்தது. எதற்கு மாற்றுகிறோம் என்பது வரவில்லை.

அதற்காக "ஹேட்" பக்கமே போகாமலும் இருக்கக் கூடாது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். "வென் ஐ சாட் டவுன், தே சர்வ்ட் பாயசம்" என்றால் உட்கார்ந்ததும் பாயசம் வந்தது. "வென் ஐ சாட் டவுன், தே ஹேட் சர்வ்ட் பாயசம்" என்றால் பாயச வாளி ஏற்கெனவே நம் வரிசையைத் தாண்டிப் போய்விட்டது. ஒரே ஒரு சொல், ஒரு டம்ளர் பாயசம்! "வென்" வரும் இடத்தில்தான் இந்த வம்பு அதிகம். "பிஃபோர்", "ஆஃப்டர்" இருந்தால் எது முன், எது பின் என்று அதுவே சொல்லிவிடும். "த டிரெய்ன் லெஃப்ட் பிஃபோர் ஐ ரீச்ட் த ஸ்டேஷன்" என்று "ஹேட்" இல்லாத சாதாரண இறந்தகாலத்திலேயே (சிம்பிள் பாஸ்ட்) எழுதலாம். "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்", தெரிந்திருந்தால் வந்திருப்பேன், என்பது மட்டும் தனிக் கதை. நடக்காமல் போனதைச் சொல்லும் அங்கே "ஹேட்"டை எடுக்க முடியாது.

வகுப்பில் யாராவது "ஹேட்" என்று ஆரம்பித்தால் நான் இலக்கணம் பேசுவதில்லை. "எதுக்கு முன்னாடி?" என்று மட்டும் கேட்பேன். பதில் இருந்தால் "ஹேட்" இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர்களே சிரித்துக்கொண்டு அதை அடித்துவிடுவார்கள். கடைக்காரர் இப்போது எனக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில்கூட ஒரு தடவை "ஹேட்" போட்டு, அழித்துவிட்டு, மறுபடி அனுப்புகிறார்.