கோப்பைச் சத்தத்துக்கு அடியில் ஒரு கப்பல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க ஆயா பேசியதை 1980களில் கேசட்டில் பிடித்து வைத்தோம். தன் அப்பா எந்தக் கப்பலில் வந்தார் என்று சொல்லும் இடத்தில் யாரோ தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டார்கள். 'உம்' என்று கேட்கிறது, பிறகு ஓகாரம் மாதிரி ஒன்று, கோப்பைச் சத்தம், கடைசியில் 'இ'. கப்பலின் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். சிக்கல் என்னவென்றால், முதல் அசை எதற்கும் உதவாது. இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனுக்கு வந்த முதல் கப்பல் ட்ரூரோ. அதிலிருந்து 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 152,184 பேர். பிற்காலத்தில் ஆளேற்றி வந்த கப்பல்களில் பல புல்லார்ட் கிங் கம்பெனியுடையவை. அந்தக் கம்பெனி, டர்பன் இருக்கும் நேட்டாலின் ஆறுகள், ஊர்களின் சூலுப் பெயர்களைத் தன் கப்பல்களுக்கு வைத்தது: உம்லாசி, உம்வோட்டி, உம்சிண்டோ, உம்குசி, உம்ஃபுலி, உம்ஓனா. 1911இல் கடைசியாக வந்ததும் உம்லாசிதான்.

முதலில் கேசட்டைக் கவனிப்போம். பெரும்பாலான தடயங்கள் தொலைவது இங்கேதான். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 8,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை அந்த நாடாவில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு நீளம்தான் இருக்கும். ஒலி படிக்கும் ஹெட் மயிரிழை சாய்ந்திருந்தாலும் அந்த நுண்ணிய அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 'ஸ்', 'ஃப்' எல்லாம் மழுங்கிவிடும். ஹெட் பக்கத்தில் இருக்கும் சிறு திருகாணியை, நாடா இரைச்சல் மிகக் கூர்மையாகக் கேட்கும் நிலைவரை மெல்லத் திருப்புங்கள். பிறகு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம். இரைச்சல் நீக்கும் செயலியை மூலப் பதிவின் மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். இரைச்சல் எது, மெய்யெழுத்தின் உரசல் எது என்று அதற்குத் தெரியாது.

நாடாவின் வேகத்தையும் சரிபார்க்க வேண்டும். பதிந்தபோது கருவி மின்சாரத்தில் ஓடியிருந்தால் பேச்சுக்கு அடியில் ஒரு 'ம்ம்' ரீங்காரம் இருக்கும். தென்னாப்பிரிக்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 52இல் தெரிந்தால் நாடா நூற்றுக்கு நாலு வேகமாக ஓடுகிறது, அந்த அளவு குறைத்துக்கொள்ளலாம். நாடாவை நிறுத்திய பின்னும் ரீங்காரம் தொடர்ந்தால் அது இப்போது நீங்கள் ஓட்டும் கருவியுடையது. அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

அடுத்து, கேட்கும் முறை. கப்பல்களின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்காதீர்கள். 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை வெட்டி எடுத்து அங்கே இருமலை ஒட்டினார். கேட்டவர்களுக்கு முழுச் சொல்லும் கேட்டது. மூளை ஓட்டையை அடைத்துவிட்டு, அடைத்ததை நம்மிடம் சொல்வதில்லை. ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அது வேறு வேறு சொல்லாக மாறிக் கேட்கும் என்பதையும் அவரே காட்டினார். அதனால் மூன்று பேர் தனித்தனியாக, ஆளுக்கு நாலைந்து முறை மட்டும் கேட்டு எழுதுங்கள். தமிழில் எழுதும்போது ப, க போன்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அழுத்தமா, மெலிவா என்று குறியுங்கள். நம் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது.

இப்போது கோப்பைச் சத்தத்துக்கு வருவோம். அது மூடியது ஒரு மெய்யெழுத்தை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கை. ஆனால் மெய்யெழுத்து தன் இடத்தில் மட்டும் இருப்பதில்லை.

'ட்', 'ப்', 'க்' ஆகியவற்றை மெல்லச் சொல்லிப் பாருங்கள். நடுவில் இருப்பது அடைப்பு, கிட்டத்தட்ட மௌனம். அப்படியானால் அவற்றை எப்படிப் பிரித்துக் கேட்கிறோம்? நாக்கு அடைப்பை நோக்கிப் போகும்போதே வாயின் வடிவம் மாறுகிறது; வடிவம் மாறினால் அதன் ஒத்ததிர்வுகளும், அதாவது வாய் ஓங்கச் செய்யும் அதிர்வெண்களும், மாறும். உயிரெழுத்தின் கடைசி 50 மில்லிநொடியில், வரப்போகும் மெய் எது என்ற செய்தி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. உதடு மூடப்போனால் இரண்டாம் ஒத்ததிர்வு கீழே சரியும். நாக்கு நுனி பல்லீறுக்குப் போனால் அது 1,800 ஹெர்ட்ஸ் பக்கம் நகரும். நாக்கு நுனி பின்னால் வளைந்து 'ட' வரப்போனால் நாக்குக்கு அடியில் ஒரு சிறு அறை திறக்கும். மூன்றாம் ஒத்ததிர்வு தடாலென்று இறங்கும். பெண் குரலில் ஏறத்தாழ 2,800இலிருந்து 2,200க்கு.

இதில் இன்னொன்றும் உண்டு. 'ட' சொல்லும்போது அடைப்புக்குள்ளேயே நாக்கு வளைவு அவிழ்ந்து முன்னே வந்துவிடுகிறது. அதனால் 'ட'வின் அடையாளம் அதற்கு முந்தைய உயிரில்தான் அழுத்தமாக இருக்கும். பிந்தைய உயிரில் மங்கிவிடும். முந்தைய உயிரே இல்லாவிட்டால்? அடையாளத்தின் பெரும்பகுதி போய்விடும். தொல்காப்பியம் சொல்லும் மொழிமுதல் எழுத்துகளில் 'ட' இல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த விதிக்குக் காரணம் நாக்கின் அசைவிலேயே இருக்கிறது என்பது எனக்கு அலுக்காத அதிசயம்.

ஆகவே ஆயாவின் ஓகார வாலைப் பாருங்கள். பிராட் என்ற இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமின் சாளர நீளத்தை 0.005 நொடியாக வையுங்கள். பெண் குரலுக்கு ஒத்ததிர்வு உச்சவரம்பு 5,500 ஹெர்ட்ஸ். ஒத்ததிர்வுகள் கருத்த பட்டைகளாகத் தெரியும்; கீழிருந்து எண்ணுங்கள். கோப்பைச் சத்தம் தொடங்கும் முன் மூன்றாம் பட்டை வளைந்து இறங்கினால் அது 'ட': உம்வோட்டி. அது மேலேயே நின்று, இரண்டாம் பட்டை மட்டும் 1,800 பக்கம் ஏறினால் 'ச': நீங்கள் ஓகாரம் என்று நினைத்தது உகரமாகவும், கப்பல் உம்குசியாகவும் இருக்கலாம். பட்டை இறங்கியதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதே கேசட்டில் ஆயா தெளிவாகச் சொன்ன 'ஓட்டி', 'ரோட்டுல', 'கோச்சி' போன்ற சொற்களோடு ஒப்பிடுங்கள். புத்தகத்து எண்களைவிட அவர் வாயே நல்ல அளவுகோல்.

'ட' என்று தெரிந்தாலும் வேலை முடியவில்லை. டர்பனுக்கு வடக்கே உம்ட்லோட்டி என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. உம்வோட்டியே ஸ்டேங்கர் (இப்போது க்வாடுகுசா) பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஆறும்கூட. ஆயா சொன்னது கப்பலா, ஊரா? 'வ'வா 'ல'வா என்பதை ஓகாரத்தின் தொடக்கத்தில் பாருங்கள்: இரண்டாம் பட்டை தாழ்ந்து தொடங்கினால் உதடு, உயர்ந்து தொடங்கினால் நாக்கு. அதன்பின் வினைச்சொல். 'உம்வோட்டியில இருந்தாங்க' என்றால் ஊர். 'உம்வோட்டியில ஏத்துனாங்க' என்றால் கப்பல். 'உம்வோட்டியில வந்தாங்க' எப்படியும் இருக்கலாம். நம் 'இல்' இரண்டுக்கும் பொது. முன்பின் இரண்டு நிமிடப் பேச்சையும் கேட்க வேண்டும்.

தானியங்கி எழுத்தாக்கச் செயலிகளிடம் இந்த இடத்தை ஒப்படைக்காதீர்கள். அவை தமக்குப் பழகிய சொல்லைத் தயங்காமல் போட்டுவிடும். நாடி ஜோதிடரிடம் முன்னோர் பெயர் கேட்டுப் பணம் கட்டுவதையும் விடுங்கள். அந்தப் பணத்தில் பத்து கேசட்டுகளை ஒழுங்காகப் பதிந்துவிடலாம். டர்பனின் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. ஆவணக்காப்பு நிதியில் காகிதத்துக்கு முன்னால் ஒலிநாடாவுக்குப் பங்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியில் கப்பலில் வந்தவர்களின் பட்டியல். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஊர் உண்டு. ஒரே கப்பல் பல நடை வந்திருப்பதால் கப்பல் பெயர் மட்டும் போதாது; தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்த வேண்டும். வயதை நம்ப வேண்டாம், எழுதியவர் ஊகித்துப் போட்டது நிறைய. பொருந்தாவிட்டால் பதிவேட்டில் இப்படி எழுதி வையுங்கள்: "கேட்டது: உம்-ஓ-(ட?)-இ. உம்வோட்டி எனக் கொள்ளலாம், உம்ட்லோட்டி விலக்கப்படவில்லை." கூடவே கேசட்டில் அந்த இடம் வரும் நிமிடம், நொடி.