மௌனப் படத்தைத் திட்டும் முன் டிவிடியைப் பாருங்கள்

பழைய ஃபிலிம் சுருள்களை ஸ்கேன் செய்து டிஜிட்டலுக்கு மாற்றுவது என் வேலை. "மௌனப் படமா? எல்லாரும் விறுவிறுவென்று ஓடுவார்களே, ஒன்றும் புரியாது" என்று பலர் சொல்லிக் கேட்கிறேன். அது பெரும்பாலும் படத்தின் குறை அல்ல, கையில் கிடைத்த பிரதியின் குறை. மர்மப் படமென்றால் இந்தக் குறை கதையையே கெடுத்துவிடும்.

1926-இல் வந்த 'மிட்நைட் ஃபேசஸ்' என்ற அமெரிக்கப் படத்தையே எடுத்துக்கொள்வோம். சின்னக் கம்பெனி, சின்ன பட்ஜெட். புளோரிடா சதுப்புக்காட்டில் ஒரு பழைய மாளிகை, அதற்கு வாரிசாக வரும் இளைஞன், உள்ளே ஒளிந்து நடமாடும் யாரோ. கதாநாயகி கேத்ரின் மக்வயர், மௌனப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனோடு 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தில் நடித்தவர். கறுப்பின வேலைக்காரரைப் பயந்தாங்கொள்ளியாக்கிச் சிரிப்பு மூட்டும் காட்சிகள் இன்று பார்க்கவே கூசுகின்றன. அதற்காக அவற்றை வெட்டிவிட்டு விற்பதும் எனக்குச் சம்மதமில்லை.

இப்படிப்பட்ட படங்களுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் டிவிடி போடலாம். பிரதிக்குப் பிரதி எடுத்த 16 எம்எம் (அகலம் குறைந்த சிறு ஃபிலிம்) பிரிண்ட், அதிலிருந்து ஒரு வீடியோ டேப், அதிலிருந்து டிவிடி என்று இறங்கும்போது நிழலில் இருந்ததெல்லாம் ஒரே கரியாகிவிடும். கதவோரம் நிற்கும் ஆள் உங்கள் கண்ணுக்கே தெரியமாட்டார். அக்காலத்தில் இரவுக் காட்சியைப் பகலில் எடுத்து, பிரிண்டுக்கு நீலச் சாயம் ஏற்றுவது வழக்கம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் அந்த நீலம் போய்விட்டால், நல்ல வெயிலில் ஒருவன் லாந்தரோடு பதுங்கிப் பதுங்கி நடப்பான்.

டிவிடியை ஓடவிட்டு டைட்டில் கார்டில், அதாவது வசனமோ விவரமோ எழுத்தில் வரும் இடத்தில், நிறுத்திப் பாருங்கள். இடது ஓரத்து எழுத்துகள் அரைகுறையாக நறுக்கப்பட்டிருந்தால், ஃபிலிம் ஓரத்தில் ஒலி பதியும் ஒலித்தடத்துக்கு இடம் விட்டு எடுத்த பிரதியிலிருந்து வந்தது என்று சந்தேகப்படலாம். முழுப் படத்திலும் அந்த ஓரம் போயிருக்கும். அப்புறம், யாராவது நடக்கும் காட்சியில் நிறுத்துங்கள். ஒரே ஃபிரேமில், அதாவது நின்ற ஒற்றைப் படத்தில், இரண்டு கால்கள் நான்காகத் தெரிந்தால், வேகத்தைச் சரிக்கட்ட ஃபிரேம்களை ஒன்றோடொன்று கலந்திருக்கிறார்கள்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். நொடிக்கு 18 ஃபிரேமில் ஒரு மணி நேரம் ஓடவேண்டிய படத்தை 24-இல் ஓட்டினால் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்காக எல்லாப் படத்தையும் மெதுவாக்கக் கூடாது. 1920-களின் பிற்பகுதிப் படங்கள் பல 24-ஐ ஒட்டிய வேகத்திலேயே திரையிடப்பட்டவை.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளியான ஏறத்தாழ 11,000 மௌன முழுநீளப் படங்களில், வெளியான வடிவிலேயே திரையரங்கு அளவான 35 எம்எம்-இல் முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம்தான். சில படங்களுக்கு மங்கிய 16 எம்எம் பிரதி மட்டுமே கதி. ஆகவே மங்கலாக இருக்கிறதென்று ஒரு டிவிடியை ஒதுக்காதீர்கள். எந்தப் பிரிண்டிலிருந்து எடுத்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே படத்துக்கு இரண்டு பதிப்பு கிடைத்தால், அதைச் சொல்லியிருக்கும் பதிப்பையே வாங்குங்கள்.