பீஸ் கேரியரைப் பிடுங்காதீர்கள்

மறுபடியும் ஒரு பீஸ் கேரியர் கேஸ், அதாவது வாடகை பாக்கிக்காகக் கரண்ட் ஃபியூஸைப் பிடுங்கிய கேஸ். தண்டையார்பேட்டையில் கீழே தான் குடியிருந்துகொண்டு, மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர். ஐந்து மாத வாடகை பாக்கி. கேட்டுப் பார்த்தார், சத்தம் போட்டார், கடைசியில் மாடிக்குப் போகும் பீஸ் கேரியரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். குடியிருந்தவர் நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போய்விட்டார். பணம் வரவேண்டிய மனிதர் என் எதிரில் உட்கார்ந்து, "நான் என்ன சார் தப்பு பண்ணேன்?" என்கிறார்.

பாக்கி எவ்வளவு இருந்தாலும் சரி, கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தக் கூடாது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. போதுமா?

வாடகை ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்டேன். 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், 11 மாதம், அதுவும் எப்போதோ முடிந்துபோனது. பதிவு? "11 மாசத்துக்குப் பதிவே வேணாம்னு புரோக்கர் சொன்னாரே சார்."

இந்த 11 மாதம்தான் என் உயிரை வாங்குகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதற்குப் போகாமல் தப்பிக்கத்தான் 11 மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. அது அந்தச் சட்டத்துக்கு. இப்போதைய வாடகைச் சட்டம் வேறு. அதில் 11 மாதமோ ஆறு மாதமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் ரென்ட் அத்தாரிட்டியிடம், அதாவது இந்தச் சட்டப்படி இருக்கும் வாடகை அதிகாரியிடம், பதிய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம், பதிவு எண் கொடுப்பார்கள். நோட்டரி சீல் குத்தினால் அது பதிவு ஆகாது. 20 ரூபாய்க்குப் பதில் 100 ரூபாய் பேப்பர் வாங்கினாலும் ஆகாது. புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பதியாத காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடப்போவது நீங்கள்தான். பதிந்திருந்தால் அந்தப் பெரியவர் இரண்டு மாதம் பாக்கி விழுந்ததுமே நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். ஒரு மாதத்துக்குள் கட்டவில்லையா, காலி செய்யச் சொல்லி மனு. பீரோவுக்கு வேலையே இல்லை.

அட்வான்ஸ் விஷயமும் அப்படித்தான். பத்து மாதம் வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, சட்டப்படி மூன்று மாத வாடகைதான்.

பெரம்பூர், வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இன்னொரு தலைவலி, லீஸ். மாத வாடகை கிடையாது. சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது திருப்பிக் கொடுப்பது. அந்தப் பணம் மகள் கல்யாணத்தில் கரைந்திருக்கும். திருப்பித் தர வேண்டுமென்றால் அடுத்த லீஸ்காரர் பணத்தோடு வர வேண்டும். பணம் கைக்கு வராமல் பழையவர் போக மாட்டார், வீடு காலியாகாமல் புதியவர் பணம் கட்ட மாட்டார். அம்மா, தயவுசெய்து அதைக் கடன் என்றே நினையுங்கள். ஒரு பகுதியையாவது பேங்கில் போட்டு வையுங்கள். இதற்கும் கைக்காகிதம் போதாது; எப்படி எழுதுவது, எங்கே பதிவது என்று ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுப் பணத்தைத் தொடுங்கள்.

சாவியைக் கொடுக்கும் அன்றைக்கே ஈபி மீட்டரைப் போட்டோ எடுங்கள். சுவர், பாத்ரூம் குழாய், கதவு எல்லாவற்றையும் எடுத்து இரண்டு பேர் வாட்ஸ்அப்பிலும் வைத்திருங்கள். மழைக்குத் தண்ணீர் ஏறும் தரைத்தளம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்தால் நவம்பரில் எப்படியும் தெரிந்துவிடும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடுகிறதென்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை வாயால் பேசாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வாடகையைப் பேங்க் மூலமாக வாங்குங்கள். கையில்தான் வாங்குவேன் என்றால் ரசீது கொடுங்கள், அடிக்கட்டையில் குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். காலண்டரில் டிக் அடித்து வைத்திருக்கிறேன் என்று யாரும் இனிமேல் என் ஆபீசுக்குக் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.