ஊர் அருங்காட்சியகம் வைக்கலாம்: எந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம், எதை ஆட்சியரிடம் சொல்ல வேண்டும்?

கிணறு தூர்வாரும்போது ஒரு கலயம் நிறையப் பழங்காசு கிடைக்கிறது. ஒரு வீட்டுப் பரணிலிருந்து, நெல் அளக்கும் பழைய மரக்காலும் நாழியும் இறங்குகின்றன. கண்மாய்க்கரையில், வாளேந்திய வீரன் செதுக்கிய நடுகல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. இவற்றையெல்லாம் ஓர் அறையில் சேர்த்து வைத்தால் ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் அமைந்துவிடும் என்று இளைஞர்கள் ஆசைப்படுவது நல்ல விஷயம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை ஒன்றல்ல. காசு மண்ணுக்குள்ளிருந்து வந்தது. மரக்கால் வீட்டிலிருந்து வந்தது. நடுகல் நிற்கும் இடத்திலேயே நிற்க வேண்டியது. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், தமிழ்நாட்டில் ஊர் அருங்காட்சியகம் வைப்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மண்ணுக்குள் கிடைத்தால்

இதற்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்த நாள் என்று நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது ஆட்சியர் கேட்கும்போது கொண்டுவந்து தருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னாலே வேலை தொடங்கிவிடும். இருந்தாலும் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கேள்வி வந்தால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

அரசு எடுத்துக்கொண்டால் நமக்கு ஒன்றும் இல்லை என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு உரிமை கோருபவர்களை விசாரிப்பார். அதற்கான நாள், அறிவிப்பு வந்து 4 மாதத்துக்குக் குறையாமலும் 6 மாதத்துக்கு மிகாமலும் இருக்கும். உடையவர் இல்லாத புதையல் என்று முடிவானால், நிலத்துக்காரரும் கண்டெடுத்தவரும் வேறு உடன்பாடு செய்துகொள்ளாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே வாங்கிக்கொள்ள விரும்பினால், பொருளிலுள்ள மூலப்பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கும். மறைத்தவருக்கோ அந்தப் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

முதுமக்கள் தாழி, கறுப்பு சிவப்புப் பானை ஓடு, சங்கு வளையல் துண்டு போன்றவை விலைக்குப் போகாதவை. ஆனால் இவைதான் ஊரின் வயதைச் சொல்பவை. தாழியின் விளிம்பு தெரிந்தால் தோண்டாதீர்கள். மண்ணடுக்கில் எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் தொல்லியலாளர் காலத்தைக் கணிக்கிறார். கையில் எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியம் திரும்ப வராது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் இன்று வரிசையாக இருக்கும் பொருள்கள் பேசுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் எந்தக் குழியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்ததுதான்.

வீட்டிலிருந்து வந்தால்

ஊர் அருங்காட்சியகத்துக்கு உயிர் கொடுப்பது இந்த வகைதான். ஏர், கமலை, சால், உரல், மரக்கால், தறி, பனையேறியின் அரிவாள் பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை, பர்மாவிலிருந்து வந்த கடிதம், எதற்கும் தடை இல்லை; கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தால் போதும்.

கவனம் தேவைப்படுவது ஒரு பகுதிக்கு மட்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டு கடந்தது அதன்படி தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகு ஆகியவற்றில் ஏதேனும் ஒரு மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கும் சுவடிக்கும் 75 ஆண்டே போதும். தொல்பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அறிவிக்கப்பட்ட வகைகளுக்கு மட்டுமே பதிவு கட்டாயம்: கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய சுவடிகள், மரச் சிற்பங்கள். தாத்தா வைத்திருந்த நூறாண்டுச் செப்புக்காசு தொல்பொருள்தான், ஆனாலும் இந்தப் பட்டியலில் இல்லை. தேரிலிருந்து விழுந்து யாரோ எடுத்து வைத்த மரப்பதுமை பட்டியலில் இருக்கிறது. பாவை விளக்கு போன்றவற்றில் ஐயம் வந்தால், இந்தச் சட்டத்தின்கீழ் தொல்பொருள்களைப் பதியும் பதிவு அலுவலரிடம் படத்தைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

பட்டியலிலுள்ள பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பதிவு அலுவலரிடம் புகைப்படங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இதே சட்டத்தின் 18ஆம் பிரிவில் இருக்கிறது. அரசோ உள்ளாட்சி அமைப்போ சொந்தமாக வைத்திருக்கும், அல்லது நடத்தும் அருங்காட்சியகத்தில் உள்ள தொல்பொருளுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. இன்னொரு அமைப்பு நடத்துகிறது என்றால் மத்திய அரசின் ஒப்புதல் பெற்றிருந்தால் மட்டுமே விலக்கு. ஆகவே ஊராட்சி மன்றத்தின் பெயரில் அருங்காட்சியகம் இருந்தால் சட்டச்சுமை பெருமளவு குறையும். தனி அறக்கட்டளை நடத்தினால் ஒவ்வொரு சிலைக்கும் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: ஊராட்சியை ஒதுக்கிவிட்டுத் தொடங்காதீர்கள். ஒன்றை மறக்க வேண்டாம், இந்த விலக்கு பதிவுக்கு மட்டும். புதையல் சட்டத்திலிருந்து ஊராட்சிக்கும் விலக்கு இல்லை.

பரணில் கிடைக்கும் இன்னும் சில பொருள்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியம் (கிராமத் தலைவர்) பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது ஒப்படைக்காமல் விட்ட நிலக்கணக்குகள் சில குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. அவை அரசு ஆவணங்கள். வட்டாட்சியரிடம் ஒப்படைத்து, நகலைக் காட்சிக்கு வைக்க அனுமதி கேளுங்கள். மான் கொம்பு, யானைத் தந்தம், புலித்தோல் இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். வனத்துறையின் உரிமைச் சான்று இல்லாமல் வாங்கி வைக்காதீர்கள். பழைய நாட்டுத் துப்பாக்கி, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. அப்படித்தான் இருக்கிறது என்பதைக் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டு வையுங்கள்.

இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியவை

கோயிலுக்குச் சொந்தமான சிலை, செப்பேடு, விளக்கு எதையும் ஊர் கூடி முடிவெடுத்தாலும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவர முடியாது. நடுகல்லும் கல்வெட்டும் அப்படியே. பல ஊர்களில் நடுகல்லுக்கு இன்றும் பொங்கல் வைக்கிறார்கள்; அதைப் பெயர்த்தால் வழிபாடும் அறுந்துபோகும். கல்வெட்டின் மைப்படியும் (எழுத்தின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படி) நல்ல புகைப்படமும், போகும் வழியைக் காட்டும் வரைபடமும் அறையில் இருந்தால் போதும். வருபவர் அங்கிருந்து நடந்து போய்ப் பார்க்கட்டும்.

ஊராட்சிக்கு இதைச் செய்ய அதிகாரம் இருக்கிறதா?

இருக்கிறது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் உள்ள 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 11ஆவது அட்டவணையில் 29 பொருள்களைக் குறிப்பிடுகிறது. அவற்றில் 20ஆவது நூலகம், 21ஆவது பண்பாட்டு நடவடிக்கைகள். கிராம சபையில் தீர்மானம் வைப்பதுதான் முதல் படி. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடுகிறது. அறைக்கு எங்கே போவது என்றால், அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய ஊராட்சி நூலகங்களைப் பாருங்கள். பூட்டிக் கிடப்பதில் ஒரு பக்கச் சுவரும் இரண்டு அலமாரியும் கேட்டு வாங்கினால், தொடங்குவதற்கு அது தாராளம்.

ஊராட்சியோடு சேர்ந்து பொறுப்பெடுக்க ஒரு சங்கம் வேண்டுமென்றால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் 7 பேர் சேர்ந்து பதியலாம். விதிமுறையில், சங்கம் கலைந்தால் பொருள்கள் ஊராட்சிக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ சேரும் என்ற வரியைக் கட்டாயம் எழுதுங்கள். வெளிநாட்டிலுள்ள ஊர்க்காரர் பணம் அனுப்ப விரும்பினால், இந்தியக் குடியுரிமை உள்ளவரிடம் வங்கி வழியாக வாங்கலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வரும். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும்.

மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டத்துக்கு உள்ளாட்சி அமைப்புகளும் பதிவு பெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும் விண்ணப்பிக்கலாம். புதிதாக அமைக்கவும், இருப்பதை மேம்படுத்தவும், பொருள்களை மின்பதிவு செய்யவும் உதவி உண்டு. விரிவான திட்ட அறிக்கை கேட்பார்கள். ஆனால் மானியம் வந்த பிறகு சேகரிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பொருளைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பாட்டி இந்த ஆண்டு இருக்கிறார்.

அதற்கு வேண்டியது ஒரு கெட்டி அட்டைப் பதிவேடு. பொருளுக்கு எண், ஊரில் வழங்கும் பெயர், அளவு, கொடுத்தவர் பெயர், கொடுத்த நாள், நன்கொடையா இரவலா, எதற்குப் பயன்பட்டது, யார் பயன்படுத்தினார்கள், இவ்வளவும் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கட்டும். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரப் பதிவு தேவையில்லை. கையில் ஒப்படைத்தாலே செல்லும். ஆனாலும் இரண்டு சாட்சி கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்குங்கள். பத்தாண்டு கழித்துப் பேரன் வந்து எங்கள் வீட்டு மரக்கால் என்று கேட்கும்போது அந்தக் கடிதம்தான் பதில் சொல்லும். ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் தடவிப் பார்க்காமல், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சை சரசுவதி மகாலையோ கேட்டு நடந்துகொள்ளுங்கள். மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரை ஒரு முறை ஊருக்கு அழைத்துப் பதிவேட்டைக் காட்டுங்கள். எது பட்டியலில் வரும், எது வராது என்பதை அவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவார்.